உச்சப் பிரகாசத்தில் கருவி சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

காமா கதிர் வெடிப்புகளின் (தொலைதூர விண்வெளியிலிருந்து திடீரென்று வந்து மறையும் காமா கதிர் வீச்சுகளின்) தரவு இன்று யாருக்கும் இலவசம். நாசாவின் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்ததை இறக்கி, வீட்டு லேப்டாப்பிலேயே ஒளிவளைகோடு, அதாவது பிரகாசம் நேரத்தோடு எப்படி மாறியது என்ற வரைபடம், வரைந்துவிடலாம். மாணவர்கள் பலர் வரைகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலானோர் முதலில் எடுப்பது 2022 அக்டோபர் 9 அன்று பதிவான ஜிஆர்பி 221009ஏ. இதுவரை கண்டதிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு அது. பழகுவதற்கு அதைவிட ஆபத்தான தரவு இல்லை.

காரணம் இதுதான். ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் 12 சோடியம் அயோடைடு படிகங்களும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் படிகங்களும் உள்ளன. ஒரு காமா ஃபோட்டான் படிகத்தில் பட்டால் சின்ன ஒளி மின்னும், அது மின்துடிப்பாக மாறும். ஒவ்வொரு துடிப்பையும் பதிய 2.6 மைக்ரோ விநாடி வேண்டும். அதற்குள் வரும் அடுத்த ஃபோட்டான் கணக்கில் சேராது. சாதாரண வெடிப்பில் இதைத் திருத்திவிடலாம். அன்றைக்கு ஃபோட்டான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இரண்டு துடிப்புகள் ஒட்டிக்கொண்டால் கருவி அதை அதிக ஆற்றலுள்ள ஒரே ஃபோட்டான் என்று எழுதிவிடும். எண்ணிக்கையும் தப்பு, ஆற்றலும் தப்பு. திரையில் வரும் வளைகோடு மட்டும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

அப்படியானால் உண்மையான உச்சத்தை அளந்தது யார்? சீனாவின் கெகாம்-சி என்ற விண்வெளிக் கருவி அப்போது அதிகக் கதிர்வீச்சுப் பகுதிகளுக்கான தனி முறையில் இயங்கிக்கொண்டிருந்ததால் திணறாமல் அளந்தது. ஃபெர்மி குழுவும் எந்த நேர இடைவெளிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அதைப் படிக்காமல் நிறமாலை பொருத்த, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வந்தது என்று கணக்கிட, உட்காராதீர்கள்.

இவ்வளவு பெரிய வெடிப்பால் நமக்கு ஆபத்தா என்று பயந்து கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒளி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தைச் சற்றே கலைத்தது, அது உண்மை. காமா கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிட்டது. தரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கெட்டுப்போன விநாடிகளை ஒதுக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்கள். நிறையவே மிஞ்சும். அதே ஃபெர்மி தரவில், திணறல் அடங்கிய பிறகு வந்த பகுதியில், சுமார் 1.2 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு உமிழ்வுக் கோடு (ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் மட்டும் கூடுதலாகத் தெரியும் ஒளி) இருப்பதை 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழிந்ததில் வந்திருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.