ஒரு நாள் அளவு ஓராண்டுக் கணக்கு ஆகாது

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண்ணில் கம்பு நேப்பியர் புல் வளர்த்துக் கறவை மாடுகள் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், அண்மையில் ஓர் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். கார்பன் கிரெடிட், அதாவது உமிழ்வைக் குறைத்ததற்கு ஈடாக விற்கத்தக்க சான்று, வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் மே மாதத்தில் ஒரே ஒரு முற்பகல் வந்து, காய்ந்து கிடந்த வயலில் மண்ணிலிருந்து வரும் வாயுவைப் பிடிக்கும் அளவைப் பெட்டியைக் கவிழ்த்து, உரத்திலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை அளந்திருக்கிறார். கிடைத்த எண்ணை 365ஆல் பெருக்கி, இந்த நிலத்தின் உமிழ்வு ஏறக்குறைய சுழியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதே கணக்கு மாணவர்களின் ஆய்வேடுகளிலும் வருகிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த வாயு அற்பமானதன்று. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைப் பிடித்து வைப்பதாக ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. அதில் 1 விழுக்காடு இவ்வாயுவாக மாறினாலே, மூட்டைக்கு ஏறத்தாழ 89 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகிறது. இந்த 1 விழுக்காடு அதே குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளில் இருந்த உலகப் பொதுச் சராசரியாகும். 2019இல் அதைத் திருத்தியபோது, செயற்கை உரத்துக்கு ஈரமான தட்பவெப்பத்தில் 1.6 விழுக்காடு என்றும் வறண்ட தட்பவெப்பத்தில் 0.5 விழுக்காடு என்றும் பிரித்தார்கள். இதில் நீரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தப் பிரிவே சான்று.

இனி, என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். புல் நிலம் ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பதால் அதிலிருந்து வெளியேறும் வாயுவும் ஒரே சீராக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஐப்பசியில் ஒரு நாள் பெய்த மழையை 365ஆல் பெருக்கி மதுரையின் ஆண்டு மழை இதுதான் என்று எவரேனும் சொன்னால் நாம் ஏற்போமா? நைட்ரஸ் ஆக்சைடும் மழையைப் போலத்தான் வருகிறது; பல வாரங்கள் ஒன்றுமில்லாததுபோல் அடங்கிக் கிடந்து, சில நாட்களில் திடீரென்று பன்மடங்கு உயர்ந்து, மீண்டும் தணிகிறது. உரமிட்ட புல் நிலங்களில் ஆண்டு மொத்தத்தின் பெரும்பகுதி இத்தகைய சில வாரங்களுக்குள்ளேயே வெளியேறிவிடக்கூடும் என்பதை அயர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளின் நெடுங்கால அளவீடுகள் காட்டியிருக்கின்றன. குளிர்நாடுகளில் உறைந்த மண் இளகும்போதும் இந்த ஏற்றம் வருகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை; நம்முடையது முழுக்க முழுக்க நீரும் உரமும் சேரும் கதை.

கம்பு நேப்பியரின் முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில் வரும். பிறகு ஏறத்தாழ 45 நாளுக்கு ஓர் அறுப்பு. அறுத்த கையோடு மேலுரமாக யூரியாவைத் தூவி, கிணற்று நீரைப் பாத்தி நிறையப் பாய்ச்சுவதே இங்கு வழக்கம். இலையிழந்த புல் தழைச்சத்தை உறிஞ்ச முடியாமல் இருக்கும் அந்த நாட்களில் அது மண்ணின் நுண்ணுயிர்களின் கைக்குப் போகிறது; அவையே அதில் ஒரு பங்கை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. ஆகவே ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் ஓர் ஏற்றம் எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் அது யூரியா இட்ட அன்றே வராது. யூரியா அம்மோனியமாகி, அது நைட்ரேட்டாக மாற வேண்டும் என்பதால் சில நாட்கள் கழித்தே உச்சம் தொடும். இட்ட அன்று மாலை அளந்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது கோடை மழை. மாசி, பங்குனி முழுவதும் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒருசேர விழித்தெழுகின்றன. மேலூர்ப் பக்கம் தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால், சிறுநீர் விழுந்த இடங்களில் தழைச்சத்து குவிந்திருப்பதால் அங்கே இந்த ஏற்றம் இன்னும் கூடும். மண் துளைகளில் 60 முதல் 80 விழுக்காடு நீர் நிறைந்திருக்கும் நிலையே மிக அபாயமானது. முழுவதும் நீர் தேங்கிவிட்டால் பெரும்பங்கு தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகவே போய்விடும். அதனால் கரிசலில் அடைமழையின் நடுவில் எண் குறைவாகவும், மழை விட்டு நீர் வடியும் நாட்களில் கூடுதலாகவும் தெரியலாம். நீர் விரைவில் இறங்கிவிடும் செம்மண்ணில் அந்த ஏற்றம் சீக்கிரமே தணியக்கூடும். இரண்டு மண்ணுக்கும் ஒரே நாளில் அளந்து ஒப்பிடுவது நியாயமாகாது.

அளப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். உரமிடுவதற்கு முன் ஒருமுறை அளந்து, இட்டபின் பத்து நாட்களாவது நாள்தோறும் அளந்து, பிறகு வாரத்துக்கு இருமுறை என்று இடைவெளியைக் கூட்டுங்கள். முதல் மழை எந்தக் கிழமை பெய்தாலும் அடுத்த நாள் வயலில் இருங்கள். மண் வெப்பம் பிற்பகலில் ஏறி உமிழ்வையும் ஏற்றுவதால், அன்றைய சராசரிக்கு நெருக்கமான முற்பகல் பத்து மணியை ஒட்டியே எப்போதும் அளவிடுங்கள். ஒரு பெட்டி போதாது. ஒரு சாண் தள்ளினாலே எண் மாறும். அளந்த எண்களை நாள்வாரியாக வரைபடத்தில் குறித்து இணைத்து, அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் கூட்டி ஆண்டு மொத்தத்தைக் கணக்கிடுங்கள், சராசரியைப் பெருக்காதீர்கள்.

விவசாயிகளிடம் என் வேண்டுகோள் வேறு. யூரியா வீணாகிறதா என்பதை மூக்கால் அறிய முயலாதீர்கள். நெடி அடிப்பது அம்மோனியா, நைட்ரஸ் ஆக்சைடு போவது வயலில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அறுத்த அன்றே உரமிடாமல், புது இலை தலைகாட்டும்வரை சில நாட்கள் பொறுத்து, ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து இடுங்கள். கனமழை அறிவிப்பு இருந்தால் மூட்டையைத் திறக்கவே வேண்டாம். பயறு வகைத் தீவனங்களான வேலிமசாலையோ தட்டைப்பயற்றையோ புல்லோடு சேர்த்துப் பயிரிட்டால் வாங்கும் மூட்டையே குறையும். தரகர் அறிக்கை கொடுத்தால், எத்தனை நாள் அளந்தீர்கள், அவற்றில் உரமிட்டபின் வந்த நாட்கள் எத்தனை, மழைக்குப் பின் வந்த நாட்கள் எத்தனை என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.