கூட்டு வருமானம், முழுப் பொறுப்பு: நியூயார்க்கில் சேர்ந்து வீடெடுக்கும் அறைத்தோழர்கள் கவனிக்க வேண்டியவை

நியூயார்க் நகரில் வாடகை வீடு தேடத் தொடங்கும் எவரும் முதலில் கேள்விப்படுவது 40 மடங்குக் கணக்கைத்தான். விண்ணப்பிப்பவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 40 மடங்காவது இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கட்டட நிர்வாகங்கள் எதிர்பார்க்கின்றன. மாத வாடகை 3,600 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,44,000 டாலர் காட்ட வேண்டும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு இது எட்டாத தொகை என்பதால்தான் இரண்டு, மூன்று பேர் வருமானத்தைச் சேர்த்துக் காட்டி வீடெடுக்கிறார்கள். உரிமம் பெற்ற வாடகை முகவராக நான் கையாளும் விண்ணப்பங்களில் இத்தகையவையே அதிகம். தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் பணிபுரியவும் வந்த இளைஞர்களின் விண்ணப்பங்களும் அவற்றில் கணிசமாக உண்டு. வருமானத்தைக் கூட்டிக் காட்டி வீட்டைப் பெற்ற பிறகு, பொறுப்பு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று தானாகப் பிரிந்துவிடும் என்று அவர்களில் பலர் நம்பியிருக்கிறார்கள். சட்டப்படி அது பிரிவதில்லை.

முதலில் அந்த 40 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆண்டு வருமானம் வாடகையின் 40 மடங்கு என்றால், ஆண்டுக்குச் செலுத்தும் 12 மாத வாடகை அந்த வருமானத்தில் 30 விழுக்காடு. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நாட்டின் வேறு பல நகரங்களில் மாத வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். அது ஆண்டுக்கு 36 மடங்கு, அதாவது சற்றே தளர்ந்த கணக்கு. இரண்டுமே சட்டம் விதித்தவை அல்ல, உரிமையாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட நடைமுறைகள். ஆகவே ஒரு கட்டடத்தில் மறுக்கப்பட்ட அதே விண்ணப்பம் அடுத்த தெருவில் ஏற்கப்படுவதில் வியப்பில்லை.

கூட்டு விண்ணப்பங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. சில நிர்வாகங்கள் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டிப் பார்க்கும். சில, எத்தனை பேர் சேர்ந்தாலும் இருவருடைய வருமானத்தை மட்டுமே கணக்கில் கொள்ளும். வேறு சில, கூட்டுத் தொகை போதுமானதாக இருந்தாலும் ஒவ்வொருவரின் கிரெடிட் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியதைக் காட்டும் மதிப்பெண்) குறிப்பிட்ட எல்லைக்கு மேல் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களே ஆனவருக்கு ஸ்கோரே இருக்காது என்பதால் அவர் ஒருவரால் மூவரின் விண்ணப்பமும் நின்றுபோகும். வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்துப்போய், ஆவணங்களையெல்லாம் திரட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதால் பயனில்லை. எத்தனை பேருடைய வருமானம் கூட்டப்படும், ஊக்கத்தொகை சேருமா, இன்னும் பணியில் சேராதவரின் நியமனக் கடிதம் ஏற்கப்படுமா என்பவற்றை வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று, 40 மடங்கு என்பது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய வருமானம். நியூயார்க் நகரில் வசிப்பவர் மத்திய வரி, மாநில வரி இரண்டோடு நகர வருமான வரியும் செலுத்துகிறார். 48,000 டாலர் சம்பளக்காரர் மூவர் சேர்ந்தால் மேலே சொன்ன வீட்டுக்குத் தகுதி பெற்றுவிடுவார்கள். ஆனால் பங்குக்கு 1,200 டாலர் என்பது கைக்கு வரும் சம்பளத்தில் 30 விழுக்காட்டைக் கணிசமாகத் தாண்டியிருக்கும். நிர்வாகம் தகுதி என்று சொல்லிவிட்டதாலேயே அந்த வாடகை தாங்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருமானம் போதாதபோது பிணையாளர் கேட்கப்படுகிறார். அவருக்கு வழக்கமாக 80 மடங்கு, அதாவது நமது எடுத்துக்காட்டில் 2,88,000 டாலர் ஆண்டு வருமானம் எதிர்பார்க்கப்படுகிறது. அவர் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களில் வசிக்க வேண்டும் என்று சொல்லும் நிர்வாகங்களும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பெற்றோருக்குச் சொந்த வீடும் வைப்பு நிதியும் இருந்தாலும், அமெரிக்க நீதிமன்றத்தின் வழியாக அவர்களிடம் வசூலிப்பது எளிதன்று என்பதால் அவர்களை ஏற்பது அரிது. ஆகவே நியூ ஜெர்சியில் இருக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ போய் நிற்கிறோம். அவர், அக்கா மகனின் பங்கான 1,200 டாலருக்குத்தான் பிணை நிற்கிறோம் என்று எண்ணிக் கையெழுத்திடுகிறார். அவர் முன் வைக்கப்படும் படிவமோ பெரும்பாலும் முழு 3,600 டாலருக்கும், அவர் முகம்கூட அறியாத மற்ற இருவரின் பாக்கிக்கும் சேர்த்து அவரைப் பொறுப்பாக்கும். பிணையை ஒருவரின் பங்கோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்கலாம். சில உரிமையாளர்கள் இசைவதைக் கண்டிருக்கிறேன். எவ்வளவுக்குப் பிணை என்று சொல்லாமல் உறவினரிடம் கையெழுத்து வாங்குவது நேர்மையாகாது. கட்டணம் பெற்றுக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனங்களும் இங்கே உண்டு. பணம் செலவாகும் என்றாலும், உறவில் கசப்பு வராது என்பதற்காகவே பலருக்கு அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

அறைத்தோழர்கள் அனைவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, அதில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று பொருள்படும் ஒரு வரி ஏறத்தாழ எப்போதும் இருக்கும். மூவரில் ஒருவர் வேலையிழந்து ஊர் திரும்பினால், மீதி இருவரும் 2,400 டாலரைச் செலுத்திவிட்டுத் தங்கள் பங்கு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. மீதிப் பாக்கிக்காக மூவரில் யார் மீதும் உரிமையாளர் வழக்குத் தொடரலாம். நடைமுறையில், நியூயார்க்கிலேயே இருப்பவரும் சம்பளம் வருபவருமே முதலில் அகப்படுவார்கள். விலகிப் போனவரின் பெயரும், உரிமையாளர் எழுத்தில் விடுவிக்காத வரை, ஒப்பந்தத்தில் நீடிக்கிறது. முன்பணத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒப்பந்தம் முடிந்து வீடு காலியாகும்வரை உரிமையாளர் அதைப் பிரித்துத் தர வேண்டியதில்லை என்பதால், விலகுபவர் தம் பங்கைப் புதிதாக வருபவரிடமிருந்தே பெற்றுக்கொள்வது வழக்கம்.

எல்லோரும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நியூயார்க் மாநில நிலச் சொத்துச் சட்டத்தின் 235-எஃப் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் வாடகைதாரராக இருந்தால் அவர் தம் குடும்பத்தாரோடு இன்னொருவரையும் உடன் குடியிருத்திக்கொள்ளலாம். உரிமையாளர் கேட்டால் 30 நாட்களுக்குள் அவருடைய பெயரைத் தெரிவிக்க வேண்டும். இருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒப்பந்தத்தில் இருந்தால், மொத்த எண்ணிக்கை கூடாதவாறு, விலகியவரின் இடத்தில் வேறொருவரைச் சேர்க்கலாம். ஆனால் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது அங்கே நிலையாக வசிக்க வேண்டும். தனியாகவே 40 மடங்கு காட்டக்கூடிய ஒருவர் இருக்கும்போது இது நல்ல வழி. அப்படிக் குடியேறுபவருக்கு உரிமையாளரிடம் வாடகைக் கடன் இல்லை. அதே நேரத்தில், வாடகைதாரர் வெளியேறினால் அங்கே தொடர்ந்து இருக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில், உடன் இருப்பவரிடம் அவருடைய விகிதப் பங்குக்கு மேல் வாங்குவதும் கூடாது.

கட்டணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டத்தின்படி, பின்னணி, கிரெடிட் சரிபார்ப்புக்கு 20 டாலர் அல்லது உண்மையான செலவு, இவற்றில் குறைந்ததையே வாங்கலாம். 30 நாட்களுக்குள் எடுத்த அறிக்கையை நீங்களே கொடுத்தால் அதுவும் கிடையாது. பொதுவான வாடகை வீடுகளில் முன்பணமாகவோ முன்கூட்டிய வாடகையாகவோ ஒரு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வருமானம் போதவில்லை, ஆறு மாத வாடகையை முதலிலேயே கொடுங்கள் என்று மாணவர்களிடம் கேட்பவர்களைப் பற்றி இன்றும் கேள்விப்படுகிறேன். அப்படிக் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. 2025 ஜூன் 11 முதல் நியூயார்க் நகரில், உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு வாடகைதாரர் தரகுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வருமானம் சற்றுக் குறைகிறது என்பதற்காகச் சம்பளச் சீட்டைத் திருத்தும் எண்ணம் மட்டும் எவருக்கும் வர வேண்டாம். அது மோசடிக் குற்றம். விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு வீட்டோடு நிற்காது.

உரிமையாளரோடு செய்யும் ஒப்பந்தம் உங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதைத் தனியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்: யார் எந்த அறை, பங்கு எவ்வளவு, முன்பணத்தில் யாருடைய தொகை எவ்வளவு, விலகுவதானால் எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், மாற்று ஆள் வரும்வரை யார் செலுத்துவது. இந்தத் தாள் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒருவர் பாக்கி வைத்துச் சென்றால், அவருடைய பங்கைச் செலுத்தியவர் நகரின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 10,000 டாலர் வரை கோரலாம். அங்கே இந்தத் தாளே வலுவான சான்றாக நிற்கும்.

ஒப்பந்தம் முடியும் காலத்தையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். வாடகையை 5 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்த்துவதானாலும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதானாலும், குடியிருந்த காலமும் ஒப்பந்தக் காலமும் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் 30 நாள், இவற்றில் ஒன்றாவது ஓராண்டை எட்டினால் 60 நாள், ஈராண்டை எட்டினால் 90 நாள் முன்னதாக உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூவரில் ஒருவர் அப்போது விலகினால், எஞ்சிய இருவரிடமும் 40 மடங்குக் கணக்கை மீண்டும் கேட்கும் நிர்வாகங்கள் உண்டு. ஆகவே அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே, யார் இருக்கப் போகிறார், யார் போகப் போகிறார் என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.