எங்கே வலிக்குது கண்ணு?

சேலம் அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில், வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போகும் வீடுகள் உண்டு. வாசலில் போர்டு எதுவும் இருக்காது. ஒரு அக்காவோ பாட்டியோ நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார். மதியம் பருப்புச் சோறு, அப்புறம் தூளியில் ஒரு தூக்கம். காய்ச்சலும் பேதியும் இவர்களுக்குப் பழகிப்போன விஷயம். திகைக்க வைப்பது வேறொன்று. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பிள்ளை திடீரென வீரிட்டு அழுகிறது. விழவில்லை, யாரும் அடிக்கவில்லை, பசியும் இல்லை. "எங்கே வலிக்குது கண்ணு?" என்று கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டுகிறது.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அதன் மூளைக்கு வலி அங்கேதான் தெரிகிறது. ஆனால் வலிக்குக் காரணம் தொண்டையிலோ நுரையீரலிலோ இடுப்பிலோ இருக்கலாம். இது ஏன் என்று புரிந்துகொண்டால், அழும் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

சிறு குழந்தைக்கு வலி தெரியுமா என்பதிலேயே மருத்துவ உலகம் வெகுகாலம் தவறான கருத்தில் இருந்தது. நரம்புகள் முழுதாக வளரவில்லை, ஆகவே வலியும் முழுதாகத் தெரியாது என்று நம்பி, 1980-கள் வரை பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆய்வுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. அறுவை சிகிச்சையின்போது வலுவான வலி நிவாரணியும் சேர்த்துப் பெற்ற குறைமாதக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், அது கிடைக்காத குழந்தைகளின் உடலில் நெருக்கடிக் கால ஹார்மோன்கள் பெருகியிருந்தன. பிந்தைய சிக்கல்களும் அதிகம். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். பெரியவர்கள் வலியை உணரும்போது விழித்துக்கொள்ளும் 20 மூளைப் பகுதிகளில் 18 குழந்தைகளிடமும் விழித்துக்கொண்டன. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று சொல்ல இனி யாருக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன். வலி முழுதாகத் தெரிகிறது. இடம் சொல்லத்தான் தெரியவில்லை.

தோலிலிருந்து வலியைக் கொண்டுபோக இரண்டு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. கொழுப்புறை போர்த்திய இழைகள் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் "இங்கே சுட்டது" என்று துல்லியமாகச் சொல்லும். உறையில்லாத மெல்லிய இழைகள் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில், மந்தமான, இடம் தெளிவில்லாத வலியைப் பின்னால் கொண்டுவரும். குடல், சிறுநீர்ப்பை போன்ற உள்ளுறுப்புகளில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான், அதுவும் குறைவாகவே உண்டு. போதாததற்கு, உள்ளுறுப்பு நரம்பும் தோல் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே நரம்பணுவில் போய்ச் சேர்கின்றன. இரண்டு ஊர்த் தபாலை ஒரே பையில் போட்டு முகவரி இல்லாமல் அனுப்பியது போல, மூளை அதைப் பிரித்து, தனக்கு அதிகம் பழக்கமான ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறது. பழக்கமான ஊர் எப்போதும் தோல்தான். சிறுகுடலிலிருந்து வரும் செய்தி தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கான மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அதனால்தான் சிறுகுடலில் எங்கே தொந்தரவு என்றாலும் பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது. நமக்கும் அப்படித்தான்.

இதே காரணத்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழலாம். நெஞ்சின் கீழ் விலா நரம்புகள்தான் வயிற்றுத் தோலுக்கும் போகின்றன. இடுப்பு மூட்டில் நோவு இருக்கும் பிள்ளை முழங்காலைக் காட்டலாம். இரண்டுக்கும் பொதுவான நரம்பு ஒன்று உண்டு. தொண்டைப் புண் காதில் வலிக்கலாம். பெரியவர்கள் என்றால் "முதலில் இங்கே, அப்புறம் அங்கே" என்று கதையாகச் சொல்வோம். மூன்று நான்கு வயதுக்குள்தான் ஒரு பிள்ளை ஓரளவு நம்பும்படி இடம் காட்டத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அது விரல் வைக்கும் இடத்தை நம்பி மருந்து தேடக்கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? பிள்ளையின் உடலை. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிளாக் என்ற வலி அளவுகோலை உருவாக்கினார்கள். முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, சமாதானமாகும் தன்மை என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 10-க்குக் கணக்கிடுவார்கள். பேசத் தெரியாத பிள்ளைகளுக்காக உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுவது. வீட்டில் பேனா எடுத்து மதிப்பெண் போட வேண்டியதில்லை. ஆனால் கால்களைப் பார்க்கும் பழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அழுகைச் சத்தம் நம்மைப் பதற வைத்துவிடுவதால், பிள்ளை காலை மடக்கி வயிற்றோடு இழுக்கிறதா, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறதா என்பதை நாம் கவனிப்பதே இல்லை. தொடுவதற்கு முன்னால் அரை நிமிடம் சும்மா பார்ப்பது மிகப் பெரிய உதவி. தினமும் கூடவே இருப்பவருக்கு அந்தப் பிள்ளையின் வழக்கமான அழுகை தெரியும். புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரியாது.

தூக்கித் தடவிக் கொடுத்தால் அடங்குவதற்கும் காரணம் உண்டு. தொடுதலைக் கொண்டுபோகும் பருத்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு மறிக்கின்றன என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினார்கள். பார்த்துக்கொள்பவரின் முகத்தில் பதற்றம் இல்லாவிட்டால் பிள்ளையின் பயமும் குறைகிறது. தூக்கி வைத்தும் கொஞ்சமும் அடங்காத அழுகை என்றால் உடனே தேட வேண்டும்.

தேடுவதென்றால், சட்டை, டயப்பர், சாக்ஸ், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தலைமுதல் கால்வரை பார்ப்பது. நம் ஊரில் முதலில் கால்விரல்களைப் பாருங்கள் என்பேன். தலைமுடியோ நூலிழையோ விரலைச் சுற்றிக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். ஆனால் தறி ஓடும் வீட்டில், துணியிலும் தரையிலும் அறுந்த இழை கிடக்காத நாள் ஏது? ஈரமான முடி நீளும், காய்ந்தால் சுருங்கி இறுக்கும். நூலிழை, பிள்ளை காலை ஆட்ட ஆட்ட இன்னும் சுற்றிக்கொள்ளும். முதலில் அடைபடுவது வெளியே போகும் ரத்தம், ஏனென்றால் சிரைகளின் சுவர் மெல்லியது. உள்ளே வரும் ரத்தம் தொடர்ந்து வருவதால் விரல் வீங்கும். வீங்கிய சதை இழையை மூடிவிடும். நம் கண்ணுக்குச் சிவந்த விரல் மட்டுமே தெரியும், ஏதோ பூச்சி கடித்தது போல. ஒருகட்டத்தில் உள்ளே வரும் ரத்தமும் நின்றுவிடும். விரலில் ஓரிடத்தில் கோடு போட்டது போல வீக்கம் சட்டென முடிந்தால் அங்கே இழை இருக்கலாம். எளிதில் வராவிட்டால் பிய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆண் பிள்ளைகளின் குறியிலும் இப்படிச் சுற்றுவதுண்டு. டயப்பரைக் கழற்றும்போதே விதைப்பையும் அரையிடுக்கும் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விதை முறுக்கிக்கொண்டால் அதைக் காப்பாற்ற ஏறத்தாழ 6 மணி நேரம்தான் இருக்கிறது.

அடுத்து, கை. ஒரு கையை மட்டும் லேசாக மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதைத் தொடவிடாமல், மறு கையால் விளையாடும் பிள்ளை. வீக்கமோ காயமோ இல்லை. ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இது பெரும்பாலும் முழங்கைப் பிசகுதான். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பின் தலையை ஒரு வளைய நார் பிடித்து வைத்திருக்கிறது. இந்த வயதில் அந்த நார் மெல்லியது, தளர்வானது. பஸ் வந்துவிட்டது என்று கையைப் பிடித்து வெடுக்கென இழுக்கும்போதோ, இரு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றும்போதோ, நார் எலும்புத் தலையிலிருந்து நழுவி மூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐந்து வயதுக்குள் நார் தடித்துவிடுவதால் அப்புறம் இது அரிது. பழகிய மருத்துவர் முன்கையைத் திருப்பிச் சில வினாடிகளில் சரிசெய்துவிடுவார். சற்று நேரத்தில் பிள்ளை அந்தக் கையாலேயே பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் சுளுக்கு வழிப்பவரிடம் கொண்டுபோகும் வழக்கம் இங்கே எனக்குக் கவலை தருகிறது. விழுந்ததால் முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருந்தால், அந்த இடத்தை ஒட்டியே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வீக்கம் இருக்கும் முழங்கையை எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் இழுத்துவிடக் கூடாது.

கால் என்றால் ஒரு சோதனை உண்டு. நிற்க மறுக்கும் பிள்ளை தவழ மட்டும் தயங்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும். தவழும்போது அந்தப் பகுதியில் எடை விழுவதில்லை. பாதத்தில் முள், அல்லது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில் மெல்லிய திருகு முறிவு. நடை பழகும் பிள்ளைகளுக்கு ஓடும்போது கால் திரும்பினாலே இப்படி முறியும்; முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. காய்ச்சலும் இருந்து, இடுப்பை அசைக்கவே விடவில்லை என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே பார்க்க வேண்டியது.

வயிற்று வலிகளில் என்னை அதிகம் அஞ்சவைப்பது குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம். குடல் சுருங்கி விரியும் ஒவ்வொரு அலைக்கும் வலி வரும்: பிள்ளை காலை இழுத்துக்கொண்டு வெளிறிப்போய் அலறும், சில நிமிடத்தில் அடங்கி ஓய்ந்து படுக்கும், கால் மணி நேரம் போலக் கழித்து மறுபடி அலறும். இடையில் வரும் அந்த அமைதிதான் ஏமாற்றுவது. "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவதும், குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவுவதும் இந்த இடைவேளையில்தான் நடக்கும். அப்போது அழுகை நின்றால் வைத்தியம் பலித்ததாகத் தோன்றும். அன்போடு செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே மாட்டிய குடலுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. சீக்கிரம் போனால் ஸ்கேனில் கண்டுபிடித்து, ஆசனவாய் வழியே காற்றையோ திரவத்தையோ செலுத்திப் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கத்தி வைக்காமலே சரிசெய்துவிடுகிறார்கள். ரத்தமும் சளியும் கலந்த மலம் தாமதமான அறிகுறி, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வாய்வழியே எதுவும் தராமல் கொண்டுபோங்கள்.

காது வலிக்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்குச் சற்று மேல். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நடுச்செவியையும் தொண்டையின் பின்பகுதியையும் இணைக்கும் குழல் ஏறும்போது தானாகத் திறந்து காற்றை வெளியேவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் அது ஒட்டிக்கொள்ளும், விழுங்கினால்தான் திறக்கும். பிள்ளைகள் இறக்கத்தில் அதிகம் அழுவது இதனால்தான். பாலோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டே இறங்கினால் பாதி அழுகை குறையும். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் குழல் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருப்பதால், சளி பிடித்தவுடன் அடைத்துக்கொண்டு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்கிறது. படுத்தால் வலி கூடும். சளிக்குப் பிறகு தூளியில் போட்டவுடன் அழுது, தூக்கினால் குறையும் பிள்ளையின் காதை டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

செந்தேள் கடியும் மறக்கக் கூடாதது. வீரிட்ட அழுகையோடு வியர்வை, வாந்தி, எச்சில் வடிதல், சில்லிட்ட கைகால் என்றால் கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980-களில் பிரசோசின் மருந்தால் இந்தச் சாவுகளை வெகுவாகக் குறைக்க முடியும் என்று காட்டினார். அது நேரத்தோடு கிடைக்க வேண்டும். ரிமோட்டின் பொத்தான் பேட்டரி காணோம், பிள்ளை எச்சில் விழுங்க மறுக்கிறது என்றாலும் அதே அவசரம். உணவுக்குழாயில் 2 மணி நேரத்திலேயே அது புண்ணாக்கிவிடும்.

உடையைக் கழற்றிப் பார்க்கும்போது சில சமயம் வேறொன்றும் கண்ணில் படும். காலின் முன்பக்கத்திலும் நெற்றியிலும் இருக்கும் கன்றல் ஓடி விழுந்ததாக இருக்கலாம். காது, கழுத்து, முதுகு, வயிற்றில் இருப்பது பெரும்பாலும் அப்படி வருவதில்லை. யாரையும் குற்றம் சொல்லாமல், பார்த்ததைத் தேதியோடு குறித்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 சிறார் உதவி எண் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் இருந்தால் புகார் செய்வது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயக் கடமை.

மருந்து விஷயத்தில் ஒரு கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 6 மில்லி. 250 உள்ளது என்றால் 3 மில்லி. 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துவிடலாம். அதனால் காலையில் பிள்ளையை விடும்போதே எடை என்ன, எந்தப் பாட்டில், எத்தனை மில்லி, வீட்டில் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் கொடுக்க வேண்டி வந்தால் போனில் அவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதே தாளில் அழுகை தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம் விட்டு வந்தது, கடைசியாகச் சிறுநீர், மலம் போனது எப்போது என்றும் குறித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.