மருத்துவமனையில் மசாஜ் தெரபிஸ்டுக்கு டிப்ஸ் கொடுக்காதீர்கள்

சிகிச்சை முடிந்து கை கழுவிவிட்டுத் திரும்பினால், என் மேலங்கிப் பையில் மடித்த நோட்டு ஒன்று. “வச்சுக்கோம்மா, அம்மாவைக் கொஞ்சம் நல்லா பாத்துக்கோ” என்கிறார் மகன். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. தொகை போதவில்லையோ என்று இன்னொரு நோட்டை எடுக்கிறார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பாவில் மனம் நிறைந்து டிப்ஸ் கொடுக்கிறீர்களா, கொடுங்கள். அங்கே அது வழக்கம். மருத்துவமனையிலும் பிசியோதெரபி கிளினிக்கிலும் மசாஜ் செய்பவர் உங்கள் சிகிச்சைக் குழுவில் ஒருவர். எங்கே அழுத்தலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்று பார்த்து, செய்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பவர். மருந்து எழுதித் தரும் டாக்டரிடம் டிப்ஸ் நீட்டுவீர்களா?

“காசு கொடுத்தால்தான் நன்றாகப் பார்ப்பார்கள்” என்ற நினைப்புதான் எனக்குப் பெரிய வேதனை. நன்றாக என்றால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு, பலமாக அழுத்திப் பிடித்துவிடுவது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கியவருக்கு நிணநீர் வடியச் செய்யும் மசாஜில் தோலை மட்டும் மெல்ல நகர்த்துவோம். ஓங்கி அழுத்தினால் கெடுதல்தான். பார்ப்பவர்களோ “சும்மா தடவிட்டுப் போறாங்க” என்கிறார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் நான் தொடவே மாட்டேன், டாக்டரைக் கூப்பிடுவேன். உள்ளே ரத்தக்கட்டி இருந்து, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு நான் செய்த சரியான வேலை, மசாஜ் செய்யாமல் விட்டதுதான். அதற்கு யார் டிப்ஸ் தருவார்கள்? நோயாளியைத் திருப்திப்படுத்தினால் காசு என்று பழகிவிட்டால், தெரபிஸ்டின் கை அழுத்தக் கூடாத இடத்திலும் அழுத்தத் தொடங்கிவிடும்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் கொஞ்சம் நினையுங்கள். நோட்டு கைமாறுவதைப் பார்த்த ஒரு பாட்டி, தன் முறை வந்தபோது “இன்னைக்கு வேணாம்மா” என்று தோளைப் போர்த்திக்கொண்டார். வலி இல்லாமல் இல்லை, கையில் காசு இல்லை. விஷயம் புரிந்து அவரை உட்கார வைப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கொடுக்கத் தோன்றினால் முதலில் ரிசப்ஷனில் கேளுங்கள். பல இடங்களில் நாங்கள் பணம் வாங்கவே கூடாது. உங்கள் அன்பு எங்கள் வேலைக்கே உலை வைக்கலாம். மறுத்த பிறகு பையில் திணிக்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். யாராவது டிப்ஸ் கேட்டாலோ, ஜாடையாகச் சொன்னாலோ, தயங்காமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தனியாக வீட்டுக்கு வந்து சிகிச்சை தருபவரிடம் கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

நன்றி சொல்ல ஆசையா? தெரபிஸ்டின் பெயரைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். எங்கள் கோப்பில் அது நிற்கும். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வீட்டில் தவறாமல் செய்யுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, நான் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.