படுக்க வைப்பதும் போர்த்துவதும் பரிசோதனையே

கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், மின்விசிறி சுழன்றும் வியர்வை அடங்காத திருகோணமலை விடுதிகளில்கூட, மேலாடையைத் தளர்த்திப் படுத்தவுடன் நடுங்குகிறவர்களை என் தாதிப் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அறிமுகமற்ற கண்களின் முன்னே உடலைத் திறந்து வைக்க நேரும் கூச்சம்தான் அந்த நடுக்கத்தைக் கொண்டுவருகிறது. அதே கூச்சம் வயிற்றுத் தசைகளையும் இறுக்கிவிடுகிறது. இறுகிய தசையின் கீழே ஈரலின் விளிம்பை எவ்வளவு கைதேர்ந்த வைத்தியராலும் தெளிவாகத் தொட்டறிய முடியாது. நோயாளரைப் படுக்க வைப்பதையும் போர்த்துவதையும் பரிசோதனையின் முதற்பாதி என்று நான் கருதுவது இதனால்தான்.

படுக்கும் நிலை என்பது பெரும்பாலும் புவியீர்ப்பைப் பற்றிய கணக்கு. இதயத்தின் வலது மேலறையில் உள்ள அழுத்தத்தை, கழுத்தின் வலப்பக்கத்து உள்நாளத்தில் குருதி எவ்வளவு உயரத்துக்கு ஏறி நிற்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிடலாம். கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பது போன்றது அது. நோயாளர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த மட்டம் காறை எலும்புக்குப் பின்னால் இறங்கி மறைந்துவிடும், மல்லாந்து படுத்தாலோ தாடைவரை ஏறிக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், கட்டிலின் தலைப்பக்கத்தை ஏறத்தாழ 45 பாகைக்கு உயர்த்துகிறார்கள். மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேட்டிலிருந்து செங்குத்தாக அளக்கும்போது, அந்த மட்டம் 3 அல்லது 4 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். அந்த மேடு மேலறையின் நடுவிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வதே இந்த அளவின் அடிப்படை.

இடப்பக்கம் சரிந்து படுத்தால் இதயத்தின் நுனி மார்புச்சுவரை நெருங்குவதால், ஈரிதழ் வால்வின் மெல்லிய முணுமுணுப்பும் காதில் விழும். கருவுற்று 20 வாரங்களைத் தாண்டிய தாயை நெடுநேரம் மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை கீழ்ப்பெருநாளத்தை நசுக்கித் தலைச்சுற்றை உண்டாக்கக்கூடும். அவரையும் இடப்பக்கம் சரித்து வைப்பதே நல்லது.

வயிற்றுக்கு வருவோம். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டியின் வயிறு பலகைபோல் இருந்தது. கால்களை நீட்டி, விரிப்பின் ஓரத்தை முஷ்டியில் முறுக்கிப் பிடித்திருந்தார். திரையை முழுவதும் இழுத்துவிட்டுத் தலைக்கு ஒரு தலையணை வைத்து, முழங்கால்களை மடிக்கச் சொன்னேன். அப்படி மடித்தால் முன்வயிற்றுத் தசை தளரும். பிறகு மார்பின்மேல் வேறொரு விரிப்பைப் பரப்பி, அதன் ஓரத்தை அவர் கையிலேயே கொடுத்து, "இதை நீங்களே பிடிச்சுக் கொள்ளுங்க உம்மா" என்றேன். விரல்கள் மெல்ல விரிந்தன. வலப்பக்கம் நின்ற வைத்தியர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னபோது, ஈரலின் விளிம்பு இறங்கி வந்து அவர் விரலைத் தொட்டது.

இரண்டு விரிப்புகள் போதும்: ஒன்று மார்புக்கு, மற்றொன்று இடுப்புக்குக் கீழே. நம் உடைகளே பாதி வேலையைச் செய்கின்றன. சேலைத் தலைப்பு மார்பை மூடும், சாரத்தின் முடிச்சைத் தளர்த்தி இறக்கினால் முழுவதும் களைய வேண்டியதில்லை. இடுப்பறைப் பரிசோதனையின்போது விரிப்பைச் சாய்சதுரமாகப் போட்டு, ஒரு முனையை மார்பிலும் இரு பக்க முனைகளைப் பாதங்களிலும் சுற்றிவிட்டால், கால்களுக்கிடையே தொங்கும் நான்காவது முனையைத் தேவையான நேரத்தில் மட்டும் உயர்த்தலாம்.

இடப்பக்கம் சரிந்து, மேற்காலைக் கூடுதலாக மடித்துப் படுக்கும் நிலைக்கு அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸின் பெயர் வழங்குகிறது. 1840களில் அவர் அனார்க்கா, லூசி, பெட்ஸி முதலான அடிமைப் பெண்களின்மீது மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்தார். அந்தப் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் மாணவிகளுக்கு அம்மூவரின் பெயரையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனை முடிந்ததும் முதலில் மூட வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். முதியவரை உடனே எழுப்பாமல், கால்களைத் தொங்கவிட்டுக் கட்டிலோரத்தில் சற்று உட்கார வைக்க வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் குருதியழுத்தத்தின் மேலளவு 20 மில்லிமீற்றர் பாதரசமோ அதற்கு மேலோ குறைந்துவிடக்கூடியவர்கள் உண்டு. அந்நேரத்தில் சாரத்தின் முடிச்சை அவரே இறுக்கிக் கட்டிக்கொள்வார்.