ஆந்தாலஜி: தொடராத தொடருக்கு என்ன பெயர்?

நாலைந்து தனித்தனிக் கதைகளை ஒரே தலைப்பின் கீழ் சேர்த்து ஓ.டி.டி.யில் விட்டால் அதற்குப் பெயர் ‘ஆந்தாலஜி’. எங்கள் வீட்டுக்குள் இந்தச் சொல் முதல்முறை வந்தபோது அத்தை கேட்டார்: “ஆந்தையைப் பத்தின படிப்பா?” எல்லோரும் சிரித்தோம். யோசித்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. பயாலஜி, ஜூவாலஜி என்று ‘லஜி’யில் முடிவதெல்லாம் படிப்பு என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்த ‘லஜி’ கொஞ்சம் வேறு. கிரேக்கத்தில் ‘ஆந்தோஸ்’ என்றால் பூ. ‘லெகெய்ன்’ என்ற வினைக்குச் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு, பொறுக்கிச் சேர்த்தல் என்றும் உண்டு. படிப்புகளின் ‘லஜி’ சொல்லுதல் பக்கத்திலிருந்து வந்தது. ஆந்தாலஜி பொறுக்கும் பக்கம். அதன் நேர்பொருள் பூக்கொய்தல். கி.மு. 100-ஐ ஒட்டிய காலத்தில் கதாரா ஊர்க்காரரான மெலியாகர் என்ற கவிஞர், பல கிரேக்கப் புலவர்களின் சிறு பாடல்களைச் சேர்த்து ‘மாலை’ என்றே பெயரிட்டார். முன்னுரைப் பாட்டில் புலவர்களை ஒவ்வொரு பூவாக, செடியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சாஃபோ என்ற பெண் கவிஞரின் பாடல்கள் கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் ரோஜா என்கிறார். மாலை கட்டியவரே எது ரோஜா என்று கையைக் காட்டிவிட்டார். இன்றைக்குப் படம் முடிந்ததும் நாம் செய்வதும் அதுதான்: “ரெண்டாவது கதை சூப்பர், மத்ததெல்லாம் சுமார்.”

பூ என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வரும் சொல் கதம்பம். பூக்கடையில் கதம்பம் ஒரு முழம் வாங்கிப் பாருங்கள். மல்லி கொஞ்சம், கனகாம்பரம் கொஞ்சம், நடுநடுவே மரிக்கொழுந்து, எல்லாம் ஒரே நாரில். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது, நிறத்துக்காக வைப்பது. மரிக்கொழுந்தில் பூவே கண்ணுக்குத் தெரியாது, வாசத்துக்காக வைப்பது. கதம்பம் வாங்கிவிட்டுக் கனகாம்பரம் மணக்கவில்லை என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆந்தாலஜி பார்த்துவிட்டு மட்டும் போகிறோம். பேச்சு வழக்குக்குக் கதம்பம் அருமையான சொல். ஆனால் எழுத்தில் ‘கதம்பத் தொடர்’ என்று போட்டால் பாட்டு, நகைச்சுவை, சமையல் குறிப்பு எல்லாம் கலந்த நிகழ்ச்சி போலத் தோன்றிவிடுகிறது.

அடுத்தது ‘தொகுப்பு’. சிறுகதைத் தொகுப்பு, கவிதைத் தொகுப்பு என்று புத்தக உலகில் நன்றாகவே ஓடும் சொல். தொலைக்காட்சிப் பக்கம் வந்தால்தான் சிக்கல். அங்கே படத்தொகுப்பு என்றால் எடிட்டிங். தொகுப்பாளர் என்றால் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துபவர். “தொகுப்பின் தொகுப்பு சரியில்லை” என்று ஒரு விமர்சனம் எழுதினால் படிப்பவர் யாரைத் திட்டுவது?

என் வாக்கு ‘தொகை’க்கு. இதிலும் இடைஞ்சல் உண்டு. தொகை என்றதும் காப்பீட்டுத் தொகை, முன்தொகை என்று காசுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை என்று பல நூற்றாண்டுப் பழக்கம் உள்ள சொல்லைக் காசுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பானேன்?

தவிர, ‘தொகு’ என்பதற்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது: மறைந்து நிற்றல். ‘தொக்கி நிற்கிறது’ என்கிறோமே, அது. ஊறுகாய் வினைத்தொகை என்று பள்ளியில் படித்திருப்போம். ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா என்ற காலம் வெளியே தெரியாமல் சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. நல்ல ஆந்தாலஜியிலும் இதே வேலைதான் நடக்கிறது. கதைகளைக் கட்டும் நார் உள்ளே தொக்கி நிற்கும். இலக்கணத்தில் ‘தொகைநிலைத் தொடர்’ என்றே ஒரு பெயர் உண்டு. அது சொற்றொடர் வகையைக் குறிப்பது என்றாலும், ‘ஆந்தாலஜி சீரிஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இதேதான் வரும்!

இன்னும் ருசியான இடம் தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் இருக்கிறது. செய்யுளை அது நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை. தனியே நின்று தன்னிலேயே பொருள் முடிவது முத்தகம். சில பாட்டுகள் சேர்ந்து ஒரே வினைச்சொல்லில் முடிந்தால் குளகம். பல பாட்டுகளைச் சேர்த்தது தொகை. கதையாகவோ பொருளாகவோ தொடர்ந்து செல்வது தொடர்நிலை. 12-ஆம் நூற்றாண்டு நூல். ஆனால் தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. ஒரே நாளில் முடியும் நாடகம் முத்தகம், இரண்டு மூன்று வாரத்தில் முடிவது குளகம், ஆந்தாலஜி தொகை, இரவு எட்டு மணி மெகா சீரியல் தொடர்நிலை.

எதை வைத்துத் தொகுப்பது என்றும் அந்நூல் சொல்கிறது: பாடியவர் ஒருவரா பலரா, பிறகு பொருள், இடம், காலம், தொழில், பாவகை, அளவு. பொருத்திப் பாருங்கள். 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நவரசா’ ஒன்பது சுவைக்கு ஒன்பது கதை. பொருளால் தொகை, பல்லோர் பாடியது. 2020 ஊரடங்கை வைத்து வந்த ‘புத்தம் புதுக் காலை’ காலத்தால் தொகை. 1980களில் தூர்தர்ஷனில் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ மால்குடி என்ற கற்பனை ஊரின் கதைகள், ஆகவே இடத்தால் தொகை. சன் டிவியில் பாலுமகேந்திரா 52 தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்த ‘கதை நேரம்’ அளவால் தொகை.

அளவு என்பதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. நான்கு முதல் எட்டு அடி வரை இருந்தால் குறுந்தொகை. 13 முதல் 31 அடி வரை போகும் அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று இன்னொரு பெயர். அமெரிக்காவில் 1959 முதல் 1964 வரை 156 கதைகள் ஒளிபரப்பான ‘ட்விலைட் ஸோன்’ அரைமணி நேர நிகழ்ச்சி. நான்காவது சுற்றில் மட்டும் ஒரு மணி நேரமாக்கிப் பார்த்தார்கள். அடுத்த சுற்றிலேயே பழையபடி அரைமணிக்குத் திரும்பிவிட்டார்கள். குறுந்தொகைப் பாட்டை முப்பது அடிக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி பார்ப்பவர்கள் பக்கம். சென்னைத் தொலைக்காட்சியில் செவ்வாய்க்கிழமை நாடகம் ஓடிய காலம் நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து பார்ப்பார். நாடகம் முடிந்து பெயர்கள் மேலே ஓடும்போது, “அடுத்த செவ்வாக்கெழமை அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்துருவாளா?” என்று கேட்பார். அடுத்த வாரம் வேறு வீடு, வேறு பெண். பாட்டிக்குக் கோபம் வரும்: “போன வாரத்தையே இன்னும் முடிக்கல, அதுக்குள்ள புதுசா?” நேயர் கடிதங்களை வாசித்துப் பதில் சொல்ல அப்போது ‘எதிரொலி’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. பாட்டிக்கு எழுதத் தெரிந்திருந்தால் கட்டாயம் ஒரு கார்டு போட்டிருப்பார். (நேயர் என்றால் அன்புடையவர். அந்த அன்போடுதான் திட்டிக் கடிதம் எழுதுவோம்.)

பாட்டியின் கேள்வியும் இன்றைக்கு நாம் சொல்லும் “கதை பாதியில நின்ன மாதிரி இருக்கு” என்பதும் ஒன்றுதான். பாதிக் குற்றம் பெயருடையது என்பேன். தொடர் என்று பெயர் வைத்தால் தொடரும் என்றுதானே எதிர்பார்ப்பார்கள்? ஆங்கிலத்தில் வரிசைக்கு ‘சீரிஸ்’, தொடர்கதைக்கு ‘சீரியல்’ என்று இரண்டு சொல் இருக்கின்றன. நாம் இரண்டையும் ‘தொடர்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டோம்.

சரி, என்ன எழுதலாம்? புத்தகமானால் தொகைநூல். திரையானால் கதைத்தொகை. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் முத்தகம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் படிப்பவர் முத்தத்தோடு குழப்பிக்கொள்வார், எனவே தனிக்கதை போதும். அத்தைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டியதாக இல்லை. “புதுசா ஆந்தை ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்கிறார், எங்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று. விமர்சனம் எழுதும்போது ‘முதல் பாகம், இரண்டாம் பாகம்’ என்று போடாதீர்கள், பாகம் என்றால் ஒரு முழுமையின் துண்டு. ‘முதல் கதை, இரண்டாம் கதை’ என்றே எழுதலாம். மூன்றாவதை முதலில் பார்த்துவிட்டு முதலாவதைப் பார்க்காமலே விட்டவரும் அப்போது தைரியமாகக் கருத்துச் சொல்லலாம்.