சொல் விளக்கம்: எப்பாக்சியும் கார்பன் நானோகுழாயும்

டர்பனிலும் கேப் டவுனிலும் கட்டமரான் படகு கட்டும் தளங்கள் இருக்கின்றன. பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. கயிற்றுக் கட்டு போய்விட்டது. பாகங்களைச் சேர்த்து நிறுத்துவது பிசின். அதில் முக்கியமான வகை எப்பாக்சி. தென்னாப்பிரிக்காவில் பல தலைமுறை கழித்துத் தமிழை வகுப்பில் கற்கும் பிள்ளைகள் இதற்குத் தமிழ் கேட்டால், ‘பசை’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. தவறான சொல் தவறான வேலைக்குக் கொண்டுபோகும்.

எப்பாக்சி கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘எபி’ என்றால் மேல். ‘ஆக்சி’ ஆக்சிஜனைக் குறிக்கும். ஏற்கெனவே இணைந்த இரண்டு கார்பன் அணுக்களின் மேல் ஓர் ஆக்சிஜன் அமர்ந்து முக்கோணமாகிறது. இந்த முக்கோணம் இறுக்கமாக வளைந்து நிற்பதால் எளிதில் திறந்துகொள்ளும். எப்பாக்சி இரண்டு குப்பிகளாக வரும்: ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதை இறுக வைக்கும் பொருள். இந்த இரண்டாம் குப்பியில் உள்ள அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் முக்கோணத்தைத் திறந்து பிணைய, மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் கோத்து வலையாகின்றன. 1946இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மாவுப் பசையில் நீர் வெளியேறினால் காய்ந்து ஒட்டும். எப்பாக்சி காய்வதில்லை, இறுகுகிறது. ‘காயட்டும்’ என்று காற்றில் வைப்பதால் பயனில்லை. அதற்குத் தேவை சரியான கலவையும் போதிய வெப்பமும். ஜோகன்னஸ்பர்க் குளிர்கால இரவில் இறுகுவது வெகுவாகத் தாமதமாகும். டர்பன் கோடையிலோ, நிறையக் கலந்து வைத்தால் கிண்ணத்திலேயே சூடேறிக் கல்லாகிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டாம் குப்பியைக் கூடுதலாக ஊற்றுவதும் தவறு. பிணைய இடமில்லாத மிச்சம் உள்ளே தங்கி இணைப்பைப் பலவீனமாக்கும். ஆகவே என் தேர்வு: முதல் குப்பிக்கு எப்பாக்சிப் பிசின், இரண்டாவதற்கு இறுக்கி, ஒட்டிய இணைப்புக்கு ஒட்டிணைப்பு. எப்பாக்சி என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது ஒரு வேதி அமைப்பின் பெயர்.

சரி, நானோகுழாய் எங்கே வருகிறது? இறுகிய எப்பாக்சி வலுவானதுதான், ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. ஒரு கீறல் விழுந்தால் வேகமாக ஓடும். கார்பன் நானோகுழாய் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள் குழாயாகச் சுருண்டது. 1991இல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா வெளியிட்ட ஆய்வுதான் உலகின் கவனத்தை இதன் மேல் திருப்பியது. ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவற்றைப் பிசினில் கலந்துவிட்டால், கீறல் வாய் திறக்கும்போது குழாய்கள் இரு கரையையும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றைப் பிய்த்து உருவ ஆற்றல் செலவாவதால் கீறலின் ஓட்டம் தடைபடுகிறது.

எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ப்பதே வழக்கம். குழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரளும்; அந்தத் திரளே கீறலுக்குத் தொடக்கமாகிவிடும். அதனால் மீயொலியாலோ மூவுருளை அரைவையாலோ பிரித்துப் பரப்புகிறார்கள். உலர்ந்த தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆபத்து. முன்பே பிசினில் பரப்பி விற்பதை வாங்குவது மேல். ஒட்டும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தக் குழாயும் காப்பாற்றாது.

‘நானோ’வுக்குக் கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். நுண் என்பதை நுண்ணுயிர், நுண்ணோக்கி ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே அதைவிடச் சிறியதற்கு மீநுண் பொருந்தும்: கரிம மீநுண்குழாய். பாடநூலில் கார்பன் நானோகுழாய் என்றே இருந்தாலும் பிழையில்லை.